வைஃபை பாஸ்வேர்டு வலுவாக இருந்தும் ரவுட்டரின் அமைப்பு மாறியது எப்படி?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வைஃபை பாஸ்வேர்டு இருபது எழுத்துக்கு மேல் இருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை. ரவுட்டர் ஆறு வருடப் பழையது, ஆனால் ஒழுங்காக ஓடுகிறது. வேறு எதற்கோ அதன் அட்மின் பக்கத்தைத் திறந்தபோது, டிஎன்எஸ் என்ற இடத்தில் நீங்கள் போடாத இரண்டு எண்களைப் பார்த்தீர்கள். பாஸ்வேர்டு தெரியாமல் இதை எப்படி மாற்றினார்கள், ரீசெட் செய்தால் போதுமா, புதிது வாங்க வேண்டுமா என்பது கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: அந்த இருபது எழுத்து எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை? பதினைந்து வருடமாக வீடுகளுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். கடைசி சில வருடங்களாக ரவுட்டர்களின் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே ஓடும் மென்பொருளை, பிரித்துப் பார்ப்பதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கருவியை நான் பார்க்கவில்லை என்பதால், உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எது உறுதி, எது ஊகம் என்று அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

வைஃபை பாஸ்வேர்டு காற்றில் போகும் சிக்னலுக்கான பூட்டு மட்டுமே. உங்கள் வீட்டுச் சுவருக்கு அருகில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் அது தடுக்கும். அந்த வேலையை உங்கள் பாஸ்வேர்டு நன்றாகவே செய்கிறது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரவுட்டருக்கு இன்னும் இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, அமைப்புகளை மாற்றும் அட்மின் பக்கம். அதற்குத் தனியாக ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது. பலர் அதைத் தொட்டதே இல்லை; பெட்டியில் வந்த அட்மின்/அட்மின் அப்படியே கிடக்கும். நீங்கள் அதை மாற்றினீர்களா என்று கேள்வியில் சொல்லவில்லை. இரண்டாவது, இணையத்தைப் பார்த்து நிற்கும் முகம். உலகின் எந்த மூலையில் இருந்தும் உங்கள் ஐபி முகவரிக்கு, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணுக்கு, ஒரு செய்தியை அனுப்பிப் பார்க்கலாம். அதற்கு முதலில் பதில் சொல்வது ரவுட்டர்தான். இந்த இரண்டு வழிகளிலும் வருகிறவருக்கு உங்கள் வைஃபை பாஸ்வேர்டு தேவையே இல்லை.

காரணம் தேடுவதற்கு முன்னால் அந்த எண்களைச் சரிபாருங்கள், ஏனென்றால் அவை தீங்கில்லாத எண்களாகவும் இருக்கலாம். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணைத் திருப்பிச் சொல்லும் சேவை. பொதுவாக இணைய இணைப்பு தரும் நிறுவனமே அதற்கான சர்வர் எண்களை ரவுட்டருக்குத் தானாக அனுப்பிவிடும். அப்படி வந்தால் அந்த இடத்தில் 'தானியங்கி' என்ற தேர்வு இருக்கும், எண்கள் மங்கலாகத் தெரியும், உங்களால் திருத்த முடியாது. 192.168 என்று தொடங்கினால் அது ரவுட்டரின் சொந்த முகவரியாக இருக்க வாய்ப்பு அதிகம். 8.8.8.8 கூகுளுடையது, 1.1.1.1 கிளவுட்ஃபிளேருடையது, 9.9.9.9 குவாட்நைன் என்ற சேவையுடையது. இவற்றை வீட்டில் யாராவது வேண்டுமென்றே போட்டிருக்கலாம். ஒருமுறை ஒரு வீட்டில் இதே மாதிரி பதறிப்போய் அழைத்தார்கள். உட்கார்ந்து விசாரித்ததில், விளம்பரங்களைத் தடுப்பதற்காக அந்த வீட்டுப் பையன் போட்ட எண் என்று தெரிந்தது. 'கைமுறை' என்ற தேர்வில் எண் இருக்கிறது, வீட்டில் யாரும் போடவில்லை, ஓர் ஐபி எண் யாருக்குச் சொந்தம் என்று காட்டும் ஹூஇஸ் தேடலில் போட்டுப் பார்த்தால் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு சர்வர் வாடகை நிறுவனத்தின் பெயர் வருகிறது என்றால், அதைத் தாக்குதல் என்றே எடுத்துக்கொண்டு செயல்படுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் அப்படி வைத்துக்கொண்டுதான்.

முதல் வழி உங்கள் பிரவுசர். கேட்கும்போது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் இது பழைய, எளிய வித்தை. நீங்கள் ஏதோ ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில், அல்லது அதில் ஓடும் விளம்பரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்தின் முகவரி இணையத்தில் எங்கோ இருக்கும் சர்வர் அல்ல, 192.168.1.1. அதன் பின்னால் 'டிஎன்எஸ்ஸை இந்த எண்ணுக்கு மாற்று' என்ற கட்டளை வால் போல ஒட்டியிருக்கிறது. படம் என்று நினைத்துப் பிரவுசர் அந்த முகவரியைக் கூப்பிடுகிறது. ரவுட்டரின் கண்ணுக்கு அது வீட்டுக்குள் இருந்து வரும் கோரிக்கை. அட்மின் பாஸ்வேர்டு பெட்டியில் வந்ததாகவே இருந்தால் அதையும் முகவரியிலேயே எழுதி அனுப்பிவிடலாம். நீங்கள் ஏற்கெனவே அட்மின் பக்கத்தில் நுழைந்து, வெளியேறாமல் விட்டிருந்தால் அதுகூட வேண்டாம். படம் வராது, திரையில் எதுவும் மாறாது, எண் மட்டும் மாறியிருக்கும். பிரவுசர்கள் இந்த வழியைச் சமீப காலமாக இறுக்கி வருகின்றன, நல்ல ரவுட்டர்கள் இந்த மாதிரிக் கோரிக்கையை நிராகரிக்கின்றன. ஆறு வருடப் பழைய ரவுட்டரில், மாற்றப்படாத அட்மின் பாஸ்வேர்டு இருந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஆனால் இது சந்தேகம் மட்டுமே.

இரண்டாவது வழி, ரவுட்டரின் மென்பொருளிலேயே இருக்கும் ஓட்டை. இங்கே அட்மின் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தையே சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். 2013 அக்டோபரில் கிரெய்க் ஹெஃப்னர் என்ற ஆய்வாளர் சில டி-லிங்க் ரவுட்டர்களின் ஃபர்ம்வேரைப் பிரித்தபோது, பிரவுசர் தன் பெயரைச் சொல்லும் இடத்தில் ஒரு குறிப்பிட்ட எழுத்துக் கோவையைச் சொன்னால் ரவுட்டர் பாஸ்வேர்டே கேட்காது என்று கண்டுபிடித்தார். அந்தக் கோவையைப் பின்னாலிருந்து படித்தால் 'பேக்டோர்' என்ற சொல் அதிலேயே இருந்தது. 2021 ஆகஸ்டில் வெளியான இன்னொன்று ஆர்கேடியன் என்ற நிறுவனம் தயாரித்த ஃபர்ம்வேரில். அட்மின் பக்கத்தில் வரும் படங்களுக்குப் பாஸ்வேர்டு வேண்டாம் என்று அந்த மென்பொருளில் ஒரு விதி. நியாயமான விதிதான், நுழைவுப் பக்கத்தில் லோகோ தெரிய வேண்டுமே. ஆனால் முகவரியைப் படங்களின் ஃபோல்டரில் தொடங்கி, 'ஒரு படி மேலே போ' என்ற குறியீட்டைச் சேர்த்து, உள்ளே இருக்கும் எந்தப் பக்கத்தின் பெயரை எழுதினாலும், 'இது படம்தானே' என்று ரவுட்டர் விட்டுவிட்டது. இதை டெனபிள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட சில நாட்களுக்குள் நிஜத் தாக்குதல்கள் தொடங்கின. ஒரே ஃபர்ம்வேர் பல பிராண்டுகளின் பெட்டிகளில் வெவ்வேறு பெயரில் இருந்ததால், எந்த வீட்டில் அது இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரிய வழியில்லை.

இந்த ஓட்டைகள் ஏன் இத்தனை வருடம் அடைபடாமல் கிடக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும். நான் பிரித்த ஒரு ரவுட்டரைப் பற்றிச் சொல்கிறேன். அடியில் ரப்பர் பாதங்களுக்குக் கீழே நான்கு திருகுகள். கழற்றினால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை பலகை. அதன் ஓரத்தில் வரிசையாக நான்கு சின்னத் துளைகள். தொழிற்சாலையில் சோதனை செய்வதற்காக விட்டவை. அவற்றில் பின் வைத்துப் பற்றவைத்து, மூன்று கம்பிகளைக் கணினியோடு இணைத்து, வேகத்தை 115200 என்று அமைத்து, ரவுட்டருக்கு மின்சாரம் கொடுத்தேன். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. மூன்றாவது நான்காவது வரியிலேயே லினக்ஸ் 2.6.36 என்று, ரவுட்டரை இயக்கும் இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும் வந்தன. அந்த லினக்ஸ் பதிப்பு வெளியானது 2010 அக்டோபரில். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த தயாரிப்புத் தேதி 2019. எழுத்துகள் ஓடி நின்றபோது பாஸ்வேர்டு கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நேராக ரூட் அதிகாரத்தோடு, அதாவது கருவியில் எதையும் செய்யக்கூடிய முழு அதிகாரத்தோடு, கட்டளைக்குக் காத்து நின்றது. பயனர் பட்டியலைத் திறந்து பார்த்தால், அட்மின் பக்கத்தில் எங்கும் தெரியாத இன்னொரு பயனர் பெயர் அதில் இருந்தது. அட்மின் பக்கத்தைக் காட்டும் சிறிய வெப் சர்வரும் ரூட் அதிகாரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு தவறு இருந்தால் போதும், முழுக் கருவியும் போய்விடும்.

இதில் ஒரு பொறியாளரின் சோம்பேறித்தனத்தைக் குறை சொல்வது சுலபம், ஆனால் நடப்பது வேறு. சிப் செய்யும் நிறுவனம் தன் சிப்போடு ஒரு மென்பொருள் தொகுப்பைத் தருகிறது. அதை வாங்கி ஒரு ஒப்பந்தத் தொழிற்சாலை ரவுட்டர் செய்கிறது. அதன் மேல் ஒரு பிராண்டு தன் பெயரை ஒட்டுகிறது. சில சமயம் இணைய நிறுவனம் தன் பெயரையும் ஒட்டித் தன் அமைப்புகளைச் சேர்க்கிறது. சிப் நிறுவனத்தின் தொகுப்பில் ஓர் ஓட்டை அடைபட்டால், அந்தத் திருத்தம் இந்த நான்கு கைகளையும் தாண்டி உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். ஒருமுறை விற்ற கருவிக்குப் பின்னால் யாருக்கும் வருமானம் இல்லை. ரோம்பேஜர் கதை இதற்கு நல்ல சாட்சி. அது பல ரவுட்டர்களுக்குள் இருந்த வெப் சர்வர். பிரவுசர் தன்னை அடையாளம் காட்ட அனுப்பும் குக்கி என்ற சிறு குறிப்பை வித்தியாசமாக எழுதினால் அட்மின் அதிகாரம் கிடைத்துவிடும் என்ற ஓட்டை அதில் இருந்தது. அதை எழுதிய நிறுவனம் 2005-லேயே திருத்திவிட்டது. 2014 டிசம்பரில் செக் பாயின்ட் ஆய்வாளர்கள் இணையத்தைத் தேடிப் பார்த்தபோதும் குறைந்தது 1.2 கோடி கருவிகளில் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருந்தது. திருத்தம் தயாராகி ஒன்பது வருடம் ஆகியும் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2020-இல் 127 வீட்டு ரவுட்டர்களின் ஃபர்ம்வேரை ஆராய்ந்தது. அவற்றில் 46 ரவுட்டர்களுக்கு அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் ஒரு பாதுகாப்பு அப்டேட்கூட வரவில்லை. உங்கள் வைஃபை பாஸ்வேர்டில் எத்தனை எழுத்து என்பதைவிட, உங்கள் ரவுட்டரின் மென்பொருளை இன்று யாராவது பராமரிக்கிறார்களா என்பதுதான் பெரிய கேள்வி என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது வழி, வெளியில் இருந்து நேராக வருவது. அட்மின் பக்கத்தை இணையத்தில் இருந்தும் திறக்கலாம் என்ற வசதி பல ரவுட்டர்களில் உண்டு. ரிமோட் மேனேஜ்மென்ட் என்று பெயர் இருக்கும். அது திறந்திருந்தால், மேலே சொன்ன ஓட்டைகளைப் பயன்படுத்த உங்கள் பிரவுசரின் உதவியும் தேவையில்லை. 2016-இல் பரவிய மிராய் என்ற தீய மென்பொருள் அறுபது சொச்சம் பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு இணையம் முழுக்கக் கருவிகளின் கதவைத் தட்டியது. எல்லாமே பெட்டியில் வரும் பாஸ்வேர்டுகள்தான். அந்த வருட அக்டோபரில் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தையே சில மணி நேரம் அது முடக்கிப் போட்டது. அடுத்த மாதம் அதன் வகையறா ஒன்று, இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளரின் ரவுட்டரைத் தூரத்திலிருந்து பராமரிக்கப் பயன்படுத்தும் 7547 என்ற போர்ட் (கருவியில் எண்ணிட்ட ஒரு நுழைவாசல்) வழியாக நுழையப் பார்த்தது. கடிகார நேரம் கேட்க வேண்டிய சர்வரின் பெயர் என்ற இடத்தில் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால், சில ரவுட்டர்கள் அதைப் பெயர் என்று எண்ணாமல் அப்படியே ஓட்டிவிட்டன. ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு அப்போது தடுமாறியது. அந்த ரவுட்டர்களுக்குத் தொற்று ஏறவில்லை. தட்டிய தட்டலைத் தாங்காமலே அவை தொங்கிவிட்டன.

யூபிஎன்பி பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்குள் இருக்கும் கேம் கன்சோலோ கேமராவோ உங்களைக் கேட்காமலே ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துகொள்ள உதவும் வசதி அது. வீட்டுக்குள் மட்டுமே பேச வேண்டிய ஒன்று. 2013-இல் ராபிட்7 நிறுவனம் வெளியில் இருந்து கேட்டுப் பார்த்தபோது 8 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அதற்குப் பதில் சொல்லின. அணைத்து வைத்தால் பெரும்பாலான வீடுகளில் எதுவும் கெடாது. ஏதாவது விளையாட்டு இணையவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம்.

காற்றுவழித் தாக்குதல் உங்கள் வழக்கில் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. ரவுட்டரின் பின்னால் டபிள்யூபிஎஸ் என்று, பாஸ்வேர்டு தட்டாமல் கருவிகளை வைஃபையில் இணைக்கும் ஒரு பொத்தான் இருந்தால், அதோடு எட்டு இலக்க பின் எண் ஒன்றும் இருக்கும். பெரும்பாலும் அடியில் ஸ்டிக்கரில் எழுதியிருப்பார்கள். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி சாத்தியம் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழில் இருந்து கணக்கிடுவது, அதனால் ஒரு கோடி. அதுவும் அல்ல. முதல் நான்கு இலக்கம் சரியா தவறா என்று ரவுட்டர் தனியாகச் சொல்லிவிடுகிறது. முதல் பாதிக்கு 10,000 முயற்சி, மீதி மூன்றுக்கு 1,000, ஆக 11,000. ஒரு முயற்சிக்கு இரண்டு விநாடி என்று வைத்தாலும் ஆறு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். பின் எண் கிடைத்தால் உங்கள் இருபது எழுத்துப் பாஸ்வேர்டை ரவுட்டரே எடுத்துக் கொடுத்துவிடும். ஸ்டெஃபான் ஃபீபாக் என்ற ஆய்வாளர் 2011 டிசம்பரில் இதை வெளியிட்டார். பிறகு வந்த ரவுட்டர்கள் சில தவறுகளுக்குப் பின் பூட்டிக்கொள்ளும்படி மாறின. இருந்தாலும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுவதே நல்லது. 2017 அக்டோபரில் மேத்தி வான்ஹூஃப் வெளியிட்ட கிராக் தாக்குதலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அது வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 முறையில், கருவியும் ரவுட்டரும் இணையும்போது செய்யும் கைகுலுக்கலில் இருந்த குறை. பாஸ்வேர்டைத் திருடாது, பெரும்பாலும் ஃபோன், லேப்டாப் பக்கத்தில் அப்டேட் செய்து தீர்க்க வேண்டியது, தாக்குபவர் சிக்னல் எட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும். உங்கள் டிஎன்எஸ் எண் அதனால் மாறியிருக்காது.

டிஎன்எஸ் மாறியதால் உங்களுக்கு என்ன நஷ்டம் நேர்ந்திருக்கும் என்பதும் முக்கியம். பிரேசிலில் 2011-இல் சுமார் 45 லட்சம் மோடம்களின் டிஎன்எஸ்ஸை மாற்றி, மக்களைப் போலி வங்கிப் பக்கங்களுக்கும் தீய மென்பொருளுக்கும் திருப்பிவிட்டார்கள். இன்று அதே வேலை அவ்வளவு சுலபம் அல்ல. வங்கித் தளங்கள் எல்லாம் எச்டிடிபிஎஸ்ஸில், அதாவது தளத்தின் அடையாளத்தைச் சான்றிதழால் சரிபார்க்கும் மறையாக்க இணைப்பில், இருக்கின்றன. தவறான சர்வருக்குத் திருப்பிவிட்டாலும், அந்த சர்வரிடம் வங்கியின் சான்றிதழ் இருக்காது, பிரவுசர் முழுத்திரை எச்சரிக்கை காட்டும். ஆகவே ஒன்றை யோசித்துப் பாருங்கள்: கடந்த சில மாதங்களில் வழக்கமாகப் போகும் ஏதாவது தளத்தில் சான்றிதழ் எச்சரிக்கை வந்து, அதைத் தள்ளிவிட்டு உள்ளே போனீர்களா? போயிருந்தால் அங்கே தட்டிய பாஸ்வேர்டு போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு, வேறொரு இணைப்பில் இருந்து மாற்றுங்கள். எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றால் வங்கிப் பாஸ்வேர்டு இந்த வழியில் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் எந்தெந்தத் தளங்களுக்குப் போனீர்கள் என்ற பட்டியல் அந்த டிஎன்எஸ் சர்வருக்குக் கிடைத்திருக்கும். எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கங்களில் விளம்பரமோ போலி அப்டேட் அறிவிப்போ நுழைத்திருக்கலாம். 'உங்கள் பிரவுசர் பழையது, இதை நிறுவுங்கள்' என்று ஏதாவது வந்து நிறுவியிருந்தால் அந்தக் கணினியைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

ரீசெட் போதுமா? என்ன நுழைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மிராய் மாதிரியானவை ரவுட்டரின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வாழ்பவை. அணைத்துப் போட்டால் போய்விடும், ஆனால் ஓட்டை அப்படியே இருந்தால் சில நிமிடங்களில் திரும்பி வரும். 2018 மே மாதம் சிஸ்கோவின் டாலோஸ் குழு கண்டறிந்து வெளியிட்ட விபிஎன்ஃபில்டர் என்ற தீய மென்பொருள் வேறு ரகம். 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் அது இருந்தது. அதன் முதல் பகுதி அணைத்துப் போட்டாலும் அழியாது; ஃபேக்டரி ரீசெட் தேவைப்பட்டது. 2025-இல் ஆசூஸ் ரவுட்டர்களில் தெரியவந்த ஒன்று இன்னும் நுட்பமானது. தாக்கியவர்கள் ரவுட்டரின் சொந்த அமைப்புப் பக்கத்திலேயே, தூரத்திலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்எச்சைத் திறந்து தங்கள் சாவியைச் சேர்த்துவிட்டார்கள். அது அமைப்புகளோடு சேமிக்கப்பட்டதால் ஃபர்ம்வேரை அப்டேட் செய்தாலும் அழியவில்லை. ரீசெட்டும் வேண்டும், அப்டேட்டும் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஒன்று மட்டும் போதாது.

வரிசையும் முக்கியம். முதலில் மொபைல் டேட்டாவில், அதாவது இந்த ரவுட்டரைத் தொடாமல், தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து உங்கள் மாடலுக்கும் அதன் வன்பொருள் பதிப்புக்கும் உரிய ஃபர்ம்வேரை இறக்குங்கள். அந்தப் பதிப்பு எண் அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண்ணை ஒட்டியே இருக்கும். தவறான பதிப்பை ஏற்றினால் ரவுட்டர் செத்துப்போகலாம். பிறகு இணைய வயரைக் கழற்றிவிடுங்கள். ரீசெட் துளையில் குச்சியால் பத்து விநாடிக்கு மேல் அழுத்துங்கள். லேப்டாப்பை லேன் வயரில் இணைத்து ஃபர்ம்வேரை ஏற்றுங்கள், ஏற்றிய பின் இன்னொரு முறை ரீசெட். பழைய அமைப்புகளின் பேக்கப் வைத்திருந்தால் அதை மீட்க வேண்டாம். அதிலேயே அந்த எண்ணும் இருக்கலாம். அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ரிமோட் மேனேஜ்மென்ட், யூபிஎன்பி, டபிள்யூபிஎஸ் மூன்றையும் அணைத்து, டிஎன்எஸ்ஸைச் சரிபார்த்த பிறகுதான் இணைய வயரைச் செருக வேண்டும். ரீசெட் செய்ததும் பெட்டியில் வந்த பாஸ்வேர்டு திரும்பிவிடும். அந்த நிலையில் சில நிமிடம் இணையத்தில் விட்டாலும் செய்த வேலை வீண்.

புதிது வாங்க வேண்டுமா என்பதை அந்த ஃபர்ம்வேர் பக்கமே சொல்லிவிடும். கடைசி அப்டேட் ஒரு வருடத்துக்குள் வந்திருந்தால் ரீசெட் செய்து வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மூன்று வருடமாக ஒன்றும் வரவில்லை, அல்லது ஆதரவு முடிந்தது என்று எழுதியிருக்கிறது என்றால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் மாற்றிவிடுங்கள். இது மிகையான எச்சரிக்கை அல்ல. அமெரிக்காவில் எஃப்பிஐ நீதிமன்ற அனுமதியோடு நூற்றுக்கணக்கான ரவுட்டர்களில் இருந்து ஒரு தீய மென்பொருளை அகற்றியதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்த சிஸ்கோ, நெட்கியர் கருவிகள். வாங்கும்போது ஆன்டெனா எத்தனை என்று பார்ப்பதைவிட, எந்த வருடம் வரை பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்று எழுத்தில் இருக்கிறதா, அப்டேட் தானாக ஏறுமா என்று பாருங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அந்தக் காலத்தை அறிவிப்பது சட்டப்படி கட்டாயம், எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதும் அங்கே தடை. பல நிறுவனங்கள் தளத்திலேயே அதை வெளியிடுகின்றன, எங்கிருந்தும் படிக்கலாம். கையில் கொஞ்சம் பழக்கம் இருந்தால் பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்ற முடியுமா என்றும் பார்க்கலாம். அது இன்றும் பராமரிக்கப்படும் ஃபர்ம்வேர். ஆனால் 4 எம்பி ஃபிளாஷ் (ஃபர்ம்வேர் தங்கும் நினைவகம்) மட்டுமே உள்ள கருவிகளில் இப்போதைய பதிப்பு போகாது. இணைய நிறுவனம் கொடுத்த, நீங்கள் அப்டேட் செய்ய முடியாத பெட்டி என்றால், அதை வெறும் மோடமாக மாற்றித் தரச் சொல்லி, அதன் பின்னால் உங்கள் ரவுட்டரை வையுங்கள்.

நெட்வொர்க் பெயரை மறைப்பது, ஒவ்வொரு கருவிக்கும் உரிய எம்ஏசி முகவரி என்ற அடையாள எண்ணை வைத்து அனுமதிப்பது, இந்த இரண்டிலும் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். மறைத்த பெயரும் அனுமதித்த முகவரியும் உங்கள் ஃபோன் பேசும்போதே காற்றில் திறந்த எழுத்தில் போகின்றன.

எல்லாம் செய்த பிறகு ஒரு வாரம் கழித்து அந்த டிஎன்எஸ் இடத்தை மறுபடி பாருங்கள், பிறகு ஒரு மாதம் கழித்து. எண் மாறாமல் இருந்தால் நல்லது. அப்டேட் செய்த ரவுட்டரிலோ, புதிதாக வாங்கியதிலோ அதே மாதிரி எண் மறுபடி வந்து உட்கார்ந்தால், ரவுட்டரைக் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டு வீட்டில் உள்ள கணினிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 2011 நவம்பரில் அதை நடத்தியவர்கள் பிடிபடும் வரை பல வருடம் ஓடிய டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீய மென்பொருள் அப்படித்தான் வேலை செய்தது. அது கணினியில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே ரவுட்டரின் அட்மின் பக்கத்துக்குப் பெட்டியில் வந்த பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்து எண்ணை மாற்றியது. எந்தக் கணினி அணைந்திருக்கும்போது எண் மாறாமல் இருக்கிறது என்று கவனியுங்கள். அந்தக் கணினியில் முக்கியமான கோப்புகளை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள், அதற்குப் பிறகு ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை இன்னொரு முறை மாற்றுங்கள்.